பூ வாசனைக்கு மீசை வரைவது யார்? – சென்ட் விளம்பரங்களும் ஆண், பெண் கணக்கும் (ஓர் இணைய விவாதம்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

சீயக்காய்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனுக்குப் பிறந்தநாள். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறான். "சித்தி, நல்ல சென்ட் ஒன்று வாங்கிக் கொடுங்கள்" என்று அவனே வாய்விட்டுக் கேட்டதால் மாலுக்கு அழைத்துப் போனேன். கடையில் வெள்ளைக் காகிதப் பட்டையில் அடித்து அடித்துக் கொடுக்கிறார்கள், நாலைந்து முகர்ந்ததும் மூக்கு மரத்துவிடுகிறது. ஆறாவதோ ஏழாவதோ ஒன்றை முகர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மறுபடி முகர்ந்தான், எனக்கும் நீட்டினான். மல்லிகையும் ஏதோ மரவாசனையும் கலந்த மாதிரி, உண்மையிலேயே நன்றாக இருந்தது. "இதுதான் சித்தி" என்கிறான். அதற்குள் கவுண்டரில் இருந்த பெண், "சார், அது லேடீஸ்" என்றார்.

அவ்வளவுதான். சுடுசோற்றில் கை வைத்தவன் மாதிரி பட்டையைப் போட்டுவிட்டான். காது சிவந்துவிட்டது பிள்ளைக்கு. கடைசியில் ஒரு கறுப்பு பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தோம், எலுமிச்சைத் தோலை இரும்புக் கடாயில் தேய்த்த மாதிரி ஒரு வாசனை. அவனுக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எங்கள் அப்பா கல்யாணம் காட்சிக்குப் போகும்போது காதுமடலுக்குப் பின்னால் சவ்வாது தொட்டு வைத்துக்கொள்ளாமல் படி இறங்கியதில்லை. மண்டப வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் சொம்பும் வைக்கிறோமே, அதில் ஜென்ட்ஸ் சொம்பு, லேடீஸ் சொம்பு என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா? அப்படியிருக்க, இந்தப் பையனின் மூக்கு "பிடிக்கிறது" என்று சொன்ன பிறகும் அவனை "வேண்டாம்" என்று சொல்லவைத்தது எது? எனக்கு விளம்பரங்கள் மேல்தான் சந்தேகம். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

கணக்குப்பிள்ளை

மேடம், சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறீர்கள். சைக்கிளில் லேடீஸ் சைக்கிள் இல்லையா, வாட்சில் லேடீஸ் வாட்ச் இல்லையா? ஒரு வீட்டில் புருஷனும் பொண்டாட்டியும் ஒரே பாட்டிலைப் பகிர்ந்துகொண்டால் கம்பெனிக்கு ஒரு பாட்டில் விற்கும், ஆளுக்கொன்று என்றால் இரண்டு விற்கும். இவ்வளவுதான் சங்கதி. இதில் விளம்பரத்தின் சதி எங்கே வந்தது? பையனுக்கு இருபது வயதில் கூச்சம், நாற்பது வயதில் போய்விடும். நான் என் வீட்டம்மாவின் பவுடரைத்தான் இருபத்தைந்து வருடமாகப் போடுகிறேன், மீசை ஒன்றும் உதிரவில்லை.

மூணாவது ரோ

பன்னிரண்டு வருடம் விளம்பர ஏஜென்சியில் காப்பி எழுதிப் பிழைத்தவன் என்பதால் உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோப்பு என்றால் நுரையைக் காட்டலாம். மசாலா என்றால் ஆவி பறக்கும் குழம்பைக் காட்டலாம், பார்க்கிறவர்களுக்கு நாக்கு ஊறும். சென்ட்டுக்கு எதைக் காட்டுவீர்கள்? டிவியில் வாசனை வராது. "மல்லிகை, சந்தனம், வெட்டிவேர் கலந்தது" என்று சொன்னால் கேட்கிறவர்கள் சாமி அறைக்குப் போய்விடுவார்கள். ஆகவே பொருளை விட்டுவிட்டு, அதைப் போட்டுக்கொண்டவர் எப்படிப்பட்ட ஆளாக மாறுவார் என்பதைக் காட்டவேண்டியதாகிறது. அதற்குக் கிடைப்பது முப்பது வினாடி. அந்த நேரத்தில் புதிதாக ஒரு மனிதரை உருவாக்க முடியாது, பார்ப்பவர்களின் மண்டைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான் எழுப்பிக் கொண்டுவர முடியும். அதனால்தான் துரத்துகிற ஆண், மயங்குகிற பெண், பட்டுத்துணி, குதிரை, பாலைவனம் எல்லாம். சென்ட் விளம்பரத்தில் ஆண், பெண் வேடம் மற்ற எல்லாப் பொருளையும்விடத் தூக்கலாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. அவர்களிடம் வேறு சரக்கே இல்லை.

நம் ஊர் டியோ கதையைப் பாருங்கள். ஆக்ஸ் 1983இல் பிரான்சில் தொடங்கிய பிராண்டு. நோஞ்சான் பையன் ஒருவன் அடித்துக்கொள்வான், ஊரில் உள்ள பெண்களெல்லாம் ஓடி வருவார்கள், உலகம் முழுக்க இதே பல்லவி. நம் சேனல்களில் இந்த மாதிரி விளம்பரங்கள் டப்பிங்கில் ஓடும், வாய் ஒன்று சொல்லும், தமிழ் வேறொன்று சொல்லும், அது தனிக் காமெடி. சாக்லேட் மனிதன் விளம்பரம் நினைவிருக்கிறதா? ஒருவன் ஸ்பிரே அடித்ததும் முழுக்க சாக்லேட் ஆகிவிடுவான், தெருவில் போகிற பெண்கள் அவனைக் கடித்துத் தின்பார்கள். 2008இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அதை நிறுத்தச் சொன்னது. துர்கா பூஜை வீட்டில் யாரோ ஒருவன் மேல் மோதிவிட்டுக் கனவில் மிதக்கும் மணமான பெண்ணைக் காட்டிய வைல்ட் ஸ்டோன் விளம்பரமும் ஏறக்குறைய அந்தக் காலத்ததுதான். 2011 மே மாதம் அமைச்சகம் இந்த வகை டியோ விளம்பரங்கள் மொத்தத்தின் மேலும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி விளம்பரத் தர கவுன்சிலுக்கு எழுதியது.

அப்போது ஏஜென்சிகளில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "கவர்ச்சியை எடுத்துவிட்டால் டியோ விற்காது." நானும் சொன்னேன், மறைக்கவில்லை. ஆனால் அதே 2011இல் அகமதாபாத்திலிருந்து வினி என்ற கம்பெனி ஃபாக் என்று ஒன்றை இறக்கியது. மயங்கி விழுகிற பெண் கிடையாது. "மற்றதில் பாதி கேஸ் (வாயு), இதில் கேஸே இல்லை, 800 ஸ்பிரே கியாரண்டி." மளிகைக் கடைக்காரர் பேசுகிற பேச்சு. அது ஆக்ஸையே பின்னுக்குத் தள்ளிவிட்டு மேலே போனது, 2021இல் கேகேஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் சுமார் 62.5 கோடி டாலர் கொடுத்து வினியின் பெரும்பங்கை வாங்கியது. நாங்கள் பத்து வருடமாகப் படித்த பாடம் தப்பு என்பதைக் கணக்கு காட்டிவிட்டது. சாக்லேட் மனிதனை எழுதியவனைவிட, "கேஸ்" என்ற ஒரு சொல்லைப் பிடித்தவன் கெட்டிக்காரன்.

கணக்குப்பிள்ளை

//அவர்களிடம் வேறு சரக்கே இல்லை//

ஆனால் ஃபாக் வேறு சரக்கு காட்டியது என்றும் நீங்களே சொல்கிறீர்கள் சார். ஒன்றுக்கொன்று இடிக்கிறதே.

மூணாவது ரோ

இடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன் :) அது நூற்றைம்பது, இருநூறு ரூபாய்ப் பாட்டில், அதில் ஸ்பிரேயை எண்ணிச் சொல்லலாம். எட்டாயிரம் ரூபாய்ப் பாட்டிலில் எண்ணினால் மானம் போய்விடும். விலை ஏற ஏற குதிரையும் பாலைவனமும் கட்டாயமாகிவிடும் என்று திருத்திக்கொள்கிறேன்.

தேராக்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். துபாய் தேராவில் அத்தர் கடையில் ஒன்பது வருடமாக நிற்கிறேன், சொந்த ஊர் கீழக்கரை. சீயக்காய் அக்கா சொன்னதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் எங்கள் கடையில் இதே கதை தலைகீழாக நடக்கும்.

இங்கே உள்ளூர் அரபிகள், நல்ல தாட்டியான ஆண்கள், வந்து கேட்பது ரோஜா. தாயிஃப் ரோஜா தைலம் என்றால் உயிரை விடுவார்கள். சவுதியில் தாயிஃப் மலைப்பக்கம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் விடியற்காலையில் பறித்து வடிக்கிறார்கள், விலை கேட்டால் தலை சுற்றும். ரோஜாவையும் ஊதையும் (அகில் மரத் தைலம்) கலந்து தாடியில் தடவிக்கொண்டு, தலைத்துணியில் பஹூர் என்ற வாசனைப் புகை பிடித்துக்கொண்டு போவார்கள். ரோஜா பெண்பிள்ளை வாசனை என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்! வீட்டுப் பெண்களும் அதே ஊதை அதே குப்பியிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

நம் ஊரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வரும் பையன்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் "பாய், இது ஜென்ட்ஸ்தானே?" என்று மூன்று தடவை கேட்பார்கள். எங்கள் வாப்பா வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ரோஜா அத்தர் தொட்டுக்கொள்ளாமல் போனதில்லை, அந்த ஊரிலிருந்து வந்த பையன் ரோஜாவைப் பார்த்து ஓடுகிறான் என்றால் நடுவில் டிவி வந்ததுதான் காரணம். கணக்குப்பிள்ளை சார் சொல்கிற இரண்டு பாட்டில் வியாபாரம் உண்மைதான். ஆனால் எங்கள் அத்தரில் தோலாக் கணக்கு (எடைக் கணக்கு) மட்டும்தான், ஆண், பெண் கணக்கு கிடையாது, அப்படியும் வியாபாரம் நன்றாகத்தான் ஓடுகிறது.

பாரிமுனை

கணக்குப்பிள்ளை சார், சைக்கிளையும் வாட்சையும் இதோடு சேர்க்காதீர்கள். பாவாடையோ சேலையோ கட்டிக்கொண்டு ஏறுவதற்காக நடுக்கம்பியை இறக்கினார்கள், அதில் ஒரு காரணம் இருக்கிறது. பூவுக்கும் பெண் மூக்குக்கும் அப்படி ஒரு காரணத்தைச் சொல்லுங்கள் பார்ப்போம். கெர்லான் என்ற பிரெஞ்சு கம்பெனியின் ஜிக்கி என்ற சென்ட் 1889இல் வந்தது, லாவெண்டரும் வனிலாவும் கலந்தது, அதை ஆண்களும் போட்டார்கள், பெண்களும் போட்டார்கள். கொலோன் தண்ணீரை நெப்போலியன் குடம் குடமாகக் கொட்டிக்கொண்டவர். இது ஆணுக்கு, அது பெண்ணுக்கு என்று அலமாரியைப் பிரித்து இறுக்கிப் பூட்டியது இருபதாம் நூற்றாண்டின் வேலை.

எனக்கு அதைவிடச் சுவாரசியமாக இருப்பது வேறொன்று. விளம்பரங்கள் பழைய வேடத்தைக் காப்பாற்றுகின்றன என்பது பாதி உண்மைதான். அவ்வப்போது அவர்களே அதைக் கலைத்தும் பார்க்கிறார்கள், கலைப்பதிலும் காசு இருக்கிறது. 1973இல் ரெவ்லான் கம்பெனி சார்லி என்று ஒரு சென்ட் கொண்டுவந்தது. பெயரைப் பாருங்கள், ஆண் பெயர். முதலாளி சார்லஸ் ரெவ்சன் தன் பெயரையே செல்லமாக்கி வைத்தது. அதுவரை சென்ட் என்றால் ஆண் வாங்கித் தருவது, பெண் நாணிக்கொண்டு வாங்கிக்கொள்வது. சார்லி விளம்பரத்தில் ஒரு பெண் பேன்ட் சூட் போட்டுக்கொண்டு கை வீசி நடந்து வருவாள், அவ்வளவுதான். யாரும் பரிசு தரவில்லை. அவள் சம்பளத்தில் அவளே வாங்கியது என்பதுதான் சொல்லாமல் சொன்ன சேதி. அந்த நேரத்தை யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு பெண் கடன் அட்டை கேட்டுப் போனால் புருஷன் கையெழுத்து எங்கே என்று வங்கி கேட்கலாம் என்ற நிலை இருந்தது, அதைத் தடுக்கும் சட்டமே 1974இல்தான் வந்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால் இந்த நடை. எனக்கு அந்த விளம்பரம் இன்னும் பிடிக்கும்.

ஆனால் ஐந்தாறு வருடம் கழித்து வந்த என்ஜோலி சென்ட் விளம்பரத்தைப் பாருங்கள். ஒரே பெண் முதலில் ஆபீஸ் உடையில் சம்பாதித்துக்கொண்டு வருகிறாள், அப்புறம் வாணலியோடு நிற்கிறாள், அப்புறம் இரவு கவுனில் புருஷனைச் சந்தோஷப்படுத்துகிறாள், மூன்றையும் பாட்டாகவே பாடுகிறாள். "24 மணி நேரப் பெண்ணுக்கு 8 மணி நேர வாசனை" என்பது வாசகம். அடேங்கப்பா. வேலைக்குப் போ, சமையலையும் விடாதே, ராத்திரி அலுப்பும் தெரியக்கூடாது. அம்மனுக்குப் பத்துக் கை வைத்த மாதிரி, சுமையைக் குறைக்காமல் கையை மட்டும் கூட்டிவிட்டு அதற்குப் பெயர் விடுதலை. என் மாமியார் இந்த விளம்பரத்தைப் பார்க்காமலேயே என்னிடம் இதைத்தான் எதிர்பார்த்தார், அது வேறு கதை.

கணக்குப்பிள்ளை

பாரிமுனை மேடம், சரி, பூவுக்குக் காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். இப்போது விளம்பரங்களில் சட்டையைக் கழற்றுவது ஆண்கள்தான். டோல்ச்சே கபானாவின் லைட் ப்ளூ சென்ட்டுக்கு 2007இல் டேவிட் கேண்டி என்ற மாடல் ஒரு முழக் கோவணம் மாதிரி வெள்ளை ஜட்டியோடு படகில் படுத்திருந்தார், அதை யாரும் பெண்ணியப் பிரச்சினையாக்கவில்லை. சானல் நம்பர் 5 பெண்கள் சென்ட், 1921இலிருந்து விற்கிறது, அதற்கு 2012இல் பிராட் பிட்டை நிறுத்தினார்கள், அதன் விளம்பரத்துக்கு வந்த முதல் ஆண் அவர்தான். சார்லியிலேயே பிறகு ஒரு விளம்பரம் வந்தது, கையில் பெட்டியோடு போகிற பெண் பக்கத்தில் நடக்கும் ஆணின் பின்புறத்தில் தட்டுவாள். ஆண் தட்டினால் போலீஸ் கேஸ், பெண் தட்டினால் புரட்சியா? வேடங்கள் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன, நீங்கள்தான் பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பாரிமுனை

அந்தத் தட்டுகிற விளம்பரத்தை நியூயார்க் டைம்ஸ் போட மறுத்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார், 80களின் கடைசியில். நானும் அதைப் புரட்சி என்று சொல்லவில்லை. பண்ணையார் நாற்காலியில் வேறொருவரை உட்காரவைத்தால் பண்ணை ஒழிந்துவிடுமா? 1973இல் நடந்துவந்தவளுக்கு யாரையும் தட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை, அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது. பின்னால் வந்தவளுக்குத் தான் ஆணுக்குச் சமம் என்று காட்ட ஆணின் கெட்ட பழக்கத்தைத்தான் கொடுத்தார்கள்.

பிராட் பிட்டும் அப்படித்தான். பெண்களின் சென்ட்டை ஆண் போட்டுக்கொள்வதாகவா காட்டினார்கள்? கலைந்த தலையோடு சுவரோரம் நின்று யாரோ ஒருத்தியைப் பற்றி ஏதோ தத்துவம் பேசுகிறார். பேசுபவர் ஆண், பேசப்படுபவள் பெண். அவள் திரையில் கூட இல்லை!

தேராக்காரன்

அந்த விளம்பரத்தை எங்கள் கடைப் பையன்கள் நடித்தே காட்டுவார்கள். சுவரில் சாய்ந்து நின்று தாடியைத் தடவிக்கொண்டு, ஒன்றும் புரியாமல் பேசுவது.

ஹாஸ்டல்வாசி

நான் அந்தப் பையன் வயதுக்குப் பக்கத்து ஆள், 23. பெரியவர்கள் பேசும்போது நடுவில் வருவதற்கு மன்னிக்கவும்.

எட்டாம் வகுப்பில் நானும் என் நண்பனும் காசு சேர்த்து ஒரு பாடி ஸ்பிரே வாங்கினோம். விளம்பரத்தை நம்பினோமா என்றால், நம்பவில்லை, ஆனால் முழுக்க நம்பாமலும் இல்லை. டியூஷனுக்குப் போகும் முன் ஆளுக்கு அரை டப்பா அடித்துக்கொண்டு போனோம். யாரும் ஓடி வரவில்லை, டியூஷன் மிஸ் மட்டும் தும்மிக்கொண்டே ஜன்னலைத் திறந்துவைத்தார். இதைச் சிரிப்புக்குச் சொல்கிறேன், ஆனால் அந்த வயதில் அந்த விளம்பரங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு, பெண்ணிடம் பேசத் தேவையில்லை, அவள் சொல்வதைக் கேட்கவும் தேவையில்லை, ஒன்றை அழுத்தினால் அவள் வந்துவிடுவாள். சுவிட்ச் மாதிரி. அதிலிருந்து வெளியே வர எனக்குக் காலேஜ் வரை ஆனது.

2022 ஜூனில் லேயர் ஷாட் என்ற பாடி ஸ்பிரேயின் விளம்பரம் வந்தபோது ஹாஸ்டல் டிவி ரூமில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம். கடையில் ஒரு பெண் தனியாக நிற்கிறாள், பின்னால் நாலு பேர் வந்து "நாம் நாலு பேர், இது ஒன்றுதான் இருக்கிறது, யார் ஷாட் அடிப்பது" என்கிற மாதிரி பேசுகிறார்கள், அவள் வெலவெலத்துத் திரும்புகிறாள், அவர்கள் சொன்னது அலமாரியில் இருந்த ஒற்றை பாட்டிலை. ஜோக்காம். ரூமில் முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள், அப்புறம் யாருமே பேசவில்லை. என் தங்கை அப்போது முதல் வருடம் வெளியூரில் தனியாகப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த பயத்தை வைத்து சென்ட் விற்கிறார்கள் என்பது இன்னும் எனக்கு ஜீரணமாகவில்லை.

மூணாவது ரோ

தம்பி, நீ சொன்ன சுவிட்ச் என்ற வார்த்தை சரியான வார்த்தை. அந்த விளம்பரத்தை யூட்யூப், ட்விட்டரிலிருந்து எடுக்கச் சொல்லி அமைச்சகம் எழுதியது, தர கவுன்சிலும் உடனே நிறுத்திவைக்கச் சொன்னது, கம்பெனி மன்னிப்புக் கேட்டது. தேவையான ஒப்புதல் எல்லாம் வாங்கிய பிறகுதான் ஒளிபரப்பினோம் என்று அந்த மன்னிப்பிலேயே ஒரு வரி இருந்தது. என்னை உறுத்தியது அந்த வரிதான். ஒரு விளம்பரம் திரைக்கு வருவதற்கு முன் குறைந்தது இருபது முப்பது பேர் பார்ப்பார்கள், எழுதியவர், ஸ்டோரிபோர்டு வரைந்தவர், க்ளையண்ட், டைரக்டர், எடிட்டர், சேனல்காரர். ஒருவருக்கும் அந்தப் பெண்ணின் முகம் கண்ணில் படவில்லை. 2008இல் நான் அந்த அறையில் இருந்திருந்தால் எனக்கும் பட்டிருக்காது, சாக்லேட் மனிதனுக்குக் கை தட்டியவன்தானே நான்.

ஆக்ஸ்காரர்களே 2016இல் பழைய பல்லவியை விட்டுவிட்டு, அவரவர் விசேஷத்தை அவரவர் கண்டுபிடியுங்கள் என்று திரும்பினார்கள். ஹீல்ஸ் போட்டு ஆடுகிற ஆண், பூனைக்குட்டி வளர்க்கிற ஆண் எல்லாம் வந்தார்கள். ஞானோதயம் என்று நினைக்காதீர்கள். ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது, பழைய ஜோக்குக்குச் சிரிக்க ஆள் குறைந்தது, அவ்வளவுதான். பெண்களிடம் "நீ இருக்கிறபடியே அழகு" என்று சொல்லும் டவ் சோப்பும் ஆக்ஸ் விற்கும் அதே யூனிலீவர் கம்பெனியுடையதுதான். அந்தக் கை ஆக்ஸில் எழுதியதை இந்தக் கை டவ்வில் அழித்துக்கொண்டிருந்தது, இரண்டுக்கும் லாபம் ஒரே பெட்டியில்.

நாட்டு ஓடு

ஃபேர்னஸ் க்ரீம் பற்றி யாரும் பேசவில்லையே? ஆண்களுக்குத் தனி சிவப்பழகு க்ரீம் 2005இல் வந்தது, பெண்களின் க்ரீமை ஒளிந்து ஒளிந்து போடுகிற ஆணைக் கிண்டல் பண்ணித்தான் விற்றார்கள். அதே டெக்னிக்.

மட்டுறுத்துனர்

க்ரீமுக்கு ஏற்கெனவே தனி இழை ஓடுகிறது, 400 பின்னூட்டம் தாண்டிவிட்டது. இங்கே சென்ட் மட்டும்.

கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி, நல்ல உதாரணம் ஒன்றுகூடவா இல்லை? ஓல்ட் ஸ்பைஸ் 2010இல் போட்ட அமெரிக்க விளம்பரத்தைப் பாருங்கள், இடுப்பில் துண்டோடு அந்தக் கறுப்பின நடிகர், ஐசையா முஸ்தஃபா, குளியலறையிலிருந்து படகுக்கு, படகிலிருந்து குதிரைக்கு, எல்லாம் ஒரே ஷாட்டில். ஆண்மை அலட்டலையே கேலி பண்ணிய விளம்பரம். பெண்களைப் பார்த்துத்தான் பேசுகிறார், ஏனென்றால் அங்கே வீட்டுக்கு பாடி வாஷ் வாங்கிப்போடுவது பெரும்பாலும் பெண்கள். இதைவிட முற்போக்காக என்ன எதிர்பார்க்கிறீர்கள்? சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எனக்கு. இங்கேயும் 2013இல் மிலிந்த் சோமனை வைத்து எடுத்தார்கள், அது சுமார்.

சீயக்காய்

கணக்குப்பிள்ளை சார், எனக்கும் அது பிடித்த விளம்பரம்தான், ஆனால் நீங்கள் சொன்ன பிறகு யூட்யூபில் போய் மறுபடி பார்த்தேன். முதல் சில வினாடியிலேயே அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். உங்கள் வீட்டுக்காரர், பெண்கள் வாசனையுள்ள பாடி வாஷை விட்டுவிட்டு இதற்கு மாறினால் என்னைப் போல மணக்கலாம் என்கிறார். குதிரை, படகு, வைரம் எல்லாம் அதற்கப்புறம். மால் கடைப் பெண் சொன்ன "சார், அது லேடீஸ்" இருக்கிறதே, அதே வசனம்தான். அவர் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார், இவர் அக்கறையாகச் சொன்னார், எங்கள் பையன் காது சிவந்தது. கேலி பண்ணுகிற விளம்பரமும் அந்தக் கோட்டை அழிக்கவில்லை, அந்தக் கோடு இல்லாவிட்டால் அந்த ஜோக்கே நிற்காது.

இன்னொரு வேடிக்கை. ஓல்ட் ஸ்பைஸ் முதலில் வந்ததே பெண்களுக்காகத்தானாம், 1937இல். ஆண்களுக்கானது மறுவருடம்தான் வந்திருக்கிறது. கிராம்பும் பட்டையும் மணக்கிற அந்த வாசனைக்குக் கப்பல் படம் போட்ட வெள்ளை பாட்டில், ஷேவிங் முடிந்ததும் சுரீர் என்று ஒரு எரிச்சல், சிங்கப்பூரிலிருந்து வருகிற பெரியப்பா ஊர் முழுக்க ஆளுக்கொன்று கொடுப்பார். அதைவிட ஆம்பளை வாசனை உண்டா என்று கேட்டால் எங்கள் தெருவே இல்லை என்று சத்தியம் பண்ணும்.

பாரிமுனை

சபாஷ். இதே கதையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் கோத்தியே என்ற பிரெஞ்சு டிசைனரின் லெ மால் என்ற ஆண்கள் சென்ட் இருக்கிறது, 1995. உள்ளே இருப்பது லாவெண்டர், புதினா, ஆரஞ்சுப் பூ, ஏகப்பட்ட வனிலா. கேக் கடை வாசனை என்று சொல்லலாம். பாட்டில் எப்படி? கோடு போட்ட மாலுமிச் சட்டை அணிந்த கட்டுமஸ்தான ஆண் உடம்பு, மார்பு, தொடை எல்லாம் வடித்துவைத்தது. உள்ளே இனிப்பு கூடக் கூட வெளியே தசை கூட வேண்டியிருக்கிறது. பாட்டிலை மாற்றி அதே திரவத்தை ரோஜா நிற டப்பாவில் கொடுத்திருந்தால் எத்தனை ஆண்கள் தொட்டிருப்பார்கள்? கோத்தியேவைப் பொறுத்தவரை அது குறும்புதான், அந்த மாலுமி யாரை மயக்க நிற்கிறான் என்பதைத் திறந்தே வைத்தார், ஆண்களை விரும்பும் ஆண்களும் அந்த பாட்டிலைத் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குறும்பு புரியாமலே கோடிக்கணக்கான சாதாரண ஆண்கள் வனிலாவைப் பூசிக்கொண்டு திரிந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

அதற்கு முந்தைய வருடம், 1994இல், கால்வின் க்ளைனின் சிகே ஒன் வந்தது, இருவருக்கும் ஒன்றே என்று. மருந்துக் குப்பி மாதிரி பாட்டில், கறுப்பு வெள்ளைப் படத்தில் ஆணும் பெண்ணும் ஜீன்ஸில் வரிசையாக நிற்பார்கள். அமோகமாக விற்றது. அலமாரி கலைந்துவிடும் என்று நினைத்தோம். கலையவில்லை, "யூனிசெக்ஸ்" என்று மூன்றாவது தட்டு ஒன்று வந்தது. நம் ஊரில் ஐடிசி 2013இல் எங்கேஜ் கொண்டுவந்தபோது ஜோடி டியோ என்றார்கள், அவனும் அவளும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வது, ஓடுவதும் துரத்துவதும் இரண்டு பேரும்தான். பழைய ஆக்ஸைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் டப்பா இரண்டு!

கணக்குப்பிள்ளை

முதல் நாளே சொன்னேன், இரண்டு பாட்டில். நன்றி, நன்றி, வணக்கம்.

தேராக்காரன்

சீயக்காய் அக்கா, தனிமடலில் முகவரி அனுப்புங்கள். நாளை மறுநாள் ஒரு நண்பர் சென்னை வருகிறார். ரோஜாவும் ஊதும் கலந்த முகல்லத் அத்தர் கால் தோலா தருகிறேன், லேபிள் ஒட்டாத குப்பி. மருமகப் பிள்ளை மூக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். காசெல்லாம் வேண்டாம்.

சீயக்காய்

(ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.)

தேரா தம்பி, குப்பி வந்து சேர்ந்தது, ரொம்ப நன்றி. சனிக்கிழமை அவன் வந்தான். மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துவிட்டேன். முகர்ந்தான், கண்ணை மூடிக்கொண்டான், மாலில் பார்த்த அதே முகம். அப்புறம் கண்ணைத் திறந்து, "ரோஸ் மாதிரி இருக்கே சித்தி, இது யாருக்கானது?" என்றான்.

இத்தனை நாள் இங்கே இவ்வளவு பேசிவிட்டு, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "உன் மூக்குக்கானது" என்று சொல்லியிருக்கலாம். ஓல்ட் ஸ்பைஸ் கதையைச் சொல்லியிருக்கலாம். தாத்தாவின் சவ்வாதைச் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது: "இது அரபு ஷேக்குகள் தாடியில் தடவிக்கொள்வதுடா. பாலைவனத்தில் ஒட்டகப் பந்தயத்துக்குப் போகும்போது."

ஒட்டகப் பந்தயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பையன் குப்பியைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மூணாவது ரோ

மேடம், நீங்கள் வேலை தேடுவதாக இருந்தால் சொல்லுங்கள், ஏஜென்சியில் இன்னும் இரண்டு பேரைத் தெரியும். பாலைவனமும் வந்துவிட்டது, விலங்கும் வந்துவிட்டது, அதுவும் ஒரே வரியில்.

கணக்குப்பிள்ளை

:) :) :)

தேராக்காரன்

அக்கா, அடுத்த மாதம் நானே ஊருக்கு வருகிறேன். ஹாஸ்டலில் அவன் கூட்டாளிகள் கேட்பார்கள் பாருங்கள், இன்னும் நாலு குப்பி எடுத்து வரவா?